மூன்று சிஸ்டம், ஒரு பாமினி ஃபாண்ட்: லினக்ஸுக்கு மாறலாமா?

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். ஒன்றில் பத்திரமும் மனுவும் டைப் செய்வோம். இன்னொன்றில் ஆன்லைன் விண்ணப்பம், ஸ்கேன், பிரிண்ட். மூன்றாவதில் டேலி கணக்கும், கோரல்டிராவில் அழைப்பிதழ் வேலையும். மூன்றுமே ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. பிரிண்டர் கேனன் எல்பிபி 2900. சர்வீஸ் செய்பவர் “விண்டோஸ் 11 இதில் ஏறாது, மூன்றையும் மாற்றிவிடுங்கள்” என்கிறார். என்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், “சித்தி, லினக்ஸ் போட்டால் ஒரு பைசா செலவில்லை, வைரஸும் வராது” என்கிறான். இருபது வருடமாக எங்களிடம் டைப் செய்யும் அம்மாவோ, “புதுசா எதையாவது போட்டா நான் வேலையை விட்டுடுவேன்” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— தென்மாவட்ட வாசகி (பெயரும் ஊரும் வேண்டாம்)

பதில்: வணக்கம். மூன்று பேரில் முதலில் கேட்க வேண்டியது டைப் செய்யும் அம்மாவின் பேச்சைத்தான். உங்கள் கடையின் வருமானம் அவர் விரலில்தான் இருக்கிறது. எந்த மாற்றமாக இருந்தாலும், அவர் ஒரு மணி நேரத்தில் அடிக்கும் பக்கம் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சர்வீஸ்காரர் பாதி சரியாகச் சொல்கிறார். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். உங்களுடையது நான்காம் தலைமுறை. இந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றிக் கொடுக்கிற ஆட்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அப்படி ஏற்றிய சிஸ்டத்துக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுப்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதற்காக மறுநாளே கம்ப்யூட்டர் நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது, அவ்வளவுதான். வீட்டில் பாட்டுக் கேட்கிற சிஸ்டமாக இருந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். உங்கள் கடையில் ஊரார் ஆதாரும் பட்டாவும் ஸ்கேன் ஆகி டி டிரைவில் கிடக்கின்றன. அதிலும் அந்த விண்டோஸ் கிராக் செய்து போட்டதாக இருந்தால் (கேள்வியில் நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை) ஆபத்து இரட்டிப்பு.

ஆனால் இதிலிருந்து “மூன்றையும் மாற்று” என்ற முடிவுக்கு வர வேண்டியதில்லை. அக்கா மகன் சொல்வது போல மூன்றிலும் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற இலவச இயங்குதளம்) போட வேண்டும் என்றும் இல்லை. மூன்றும் ஒரே மாதிரி இயந்திரங்கள்தான், ஆனால் அவை செய்கிற வேலை வேறு வேறு. வேலையைப் பார்த்துத் தனித்தனியாக முடிவு செய்யுங்கள்.

ஆன்லைன் விண்ணப்பம் போடும் இரண்டாவது கம்ப்யூட்டரைத் தயங்காமல் மாற்றலாம். பத்திரப்பதிவுத் துறை தளம், வில்லங்கச் சான்று, பட்டா, மின்கட்டணம் எல்லாமே பிரவுசருக்குள் நடக்கிற வேலை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் லினக்ஸில் அப்படியே இருக்கின்றன. ஸ்கேன் செய்த பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாகச் சேர்க்க பிடிஎஃப் அரேஞ்சர் என்று ஒரு சின்ன மென்பொருள் உண்டு. பக்கத்தை இழுத்து இடம் மாற்றலாம், திருப்பலாம். போட்டோ அளவைக் குறைக்க கிம்ப் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த சிஸ்டத்தில் விரல்ரேகைக் கருவி வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் வேலையும் செய்கிறீர்கள் என்றால், கருவி விற்றவரிடம் லினக்ஸுக்கான ஆர்டி சர்வீஸ் (அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள்) இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். “பார்க்கலாம் மேடம்” என்று பதில் வந்தால் அந்தக் கருவியை விண்டோஸ் இருக்கும் சிஸ்டத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். டேலிபிரைம் விண்டோஸுக்கு எழுதப்பட்ட மென்பொருள். வைன் என்ற வழியாக லினக்ஸில் ஓட்டுகிறேன் என்று அக்கா மகன் சொல்வான். அவன் வீட்டு லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கட்டும், உங்கள் கணக்கில் வேண்டாம். ஜிஎஸ்டி தளம் பிரவுசரில் திறக்கும் என்பது உண்மை. ஆனால் ஆடிட்டர் அனுப்புகிற எக்செல் யூட்டிலிட்டிகளில் மேக்ரோ (உள்ளேயே ஓடும் சிறு நிரல்) இருக்கும், வேர்டு, எக்செலுக்குப் பதிலாக இருக்கும் இலவச லிப்ரேஆஃபீஸில் அவை ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது. கோரல்டிராவும் அப்படித்தான். 2000-ஆம் ஆண்டில் கோரல் நிறுவனமே லினக்ஸுக்கு ஒரு பதிப்பு வெளியிட்டது, பிறகு கைவிட்டுவிட்டது. லினக்ஸில் அதற்குப் பதிலாக இருக்கும் இங்க்ஸ்கேப் நல்ல மென்பொருள், புதிதாக ஒரு டிசைன் போட அதுவே போதும். ஆனால் பிரஸ்காரர் அனுப்புகிற சிடிஆர் (கோரல்டிரா) கோப்பை அதில் திறந்தால் தமிழ் எழுத்து ஒரு பக்கம், பார்டர் ஒரு பக்கம் என்று போய் நிற்கும். ஆகவே புதிதாக ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் இந்த ஒன்றுக்கு மட்டும் வாங்குங்கள். அலுவலகங்களில் கழித்துக்கட்டிய எட்டாம் தலைமுறை சிஸ்டம் அசல் விண்டோஸுடன் கிடைத்தால் அதுவே போதும். பழையதை ஃபார்மட் அடிப்பதற்கு முன் டேலி லைசென்ஸை அதில் சரண்டர் செய்ய மறக்காதீர்கள்.

இனி முதல் கம்ப்யூட்டர். டைப்பிங். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

இருபது வருடமாக அடிக்கிறார் என்றால் உங்கள் பத்திர மாதிரிகள் எல்லாம் வேர்டில், பாமினி போன்ற பழைய ஃபாண்டில் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பாமினியில் “அம்மா” என்று திரையில் தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை. எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்ற ஆங்கில விசைகள்தான் அங்கே இருக்கின்றன. ஃபாண்ட் அவற்றுக்குத் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது. இதனால் ஒரு நன்மை உண்டு. பாமினி ஃபாண்ட் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தால் போதும், பழைய பத்திரம் தமிழாகவே திறக்கும். அம்மா எந்த விசையை அடித்துப் பழகினாரோ அதையே அடிக்கலாம். விசைப்பலகை மென்பொருள் எதுவும் தேவையில்லை.

தொல்லையும் அதே இடத்தில்தான். லிப்ரேஆஃபீஸில் வேர்டின் இடத்தில் இருக்கும் ரைட்டருக்கு அது ஆங்கிலமாகத்தான் தெரியும். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் பழக்கம் அதற்கு உண்டு. சிறிய எம் பெரிய எம் ஆனால், பாமினியில் ‘அ’ இருந்த இடத்தில் ‘ஆ’ வந்து உட்காரும். ‘அம்மா’ என்று அடித்தால் ‘ஆம்மா’ என்று நிற்கும். மேற்கோள் குறியை வளைத்துப் போடுகிற வசதியும் தொல்லை கொடுக்கலாம். வேர்டில் இதையெல்லாம் எப்போதோ யாரோ அணைத்து வைத்திருப்பார்கள், அம்மாவுக்கு அது நினைவில்கூட இருக்காது. புதிய இடத்தில் அரை மணி நேரம் இப்படித் தப்புத் தப்பாக வந்தால் யார்தான் வேலையை விட மாட்டார்கள்? அதனால் அவர் கைவைப்பதற்கு முன்பே டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் பகுதிக்குப் போய் எல்லா டிக்கையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். சொல்திருத்தியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு ஓடும்.

அடுத்தது பக்க அளவு. ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துத் திறந்து பாருங்கள். முத்திரைத்தாளில் மேல்பாகம் அச்சாகி இருப்பதால் முதல் பக்கம் பாதியில்தான் தொடங்கும். அந்த இடத்தை விடுவதற்கு என்டரைப் பத்துப் பன்னிரண்டு முறை தட்டி வைத்திருப்பார்கள். வேர்டும் ரைட்டரும் வரி இடைவெளியைக் கணக்கிடுவதில் மயிரிழை வித்தியாசம் வரும், பன்னிரண்டு என்டரில் அது ஒரு வரியாகிவிடும். ஒரு வரி இறங்கினால் அந்தப் பக்கத்தின் கடைசி வரி அடுத்த தாளுக்குப் போகும், சொத்து விவரம் தொடங்குகிற இடம் மாறும், அடியில் ‘எழுதிக்கொடுப்பவர்’, ‘எழுதிவாங்குபவர்’ என்று கையெழுத்துக்கு விட்ட இடம் தனியாக ஒரு தாளில் போய் விழும். முத்திரைத்தாளில் இது நடந்தால் காசு நட்டம், பார்ட்டியிடம் திட்டு வேறு.

எனவே முதலில் வெள்ளைத்தாளில் அச்செடுங்கள். பழைய பிரதியின் மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வரிக்கு வரி பொருந்தாத மாதிரிகளில் அந்த என்டர்களை எல்லாம் அழித்துவிட்டு, முதல் பத்திக்கு ‘மேலே இத்தனை செ.மீ. இடைவெளி’ என்று அமைப்பில் கொடுத்துச் சேமியுங்கள். பக்கம் முடிகிற இடத்தில் பேஜ் பிரேக் போடுங்கள். கிரயம், தானசெட்டில்மென்ட், பாகப்பிரிவினை, பவர், வாடகை ஒப்பந்தம் என்று அன்றாடம் ஓடுகிற மாதிரிகளை மட்டும் சரிசெய்தால் போதும். மற்றவற்றைத் தேவை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வேலையை விண்டோஸிலேயே செய்ய வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வருவது. லிப்ரேஆஃபீஸ் விண்டோஸிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அம்மாவின் சிஸ்டத்தில் இப்போதே போடுங்கள், வேர்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மாதம் புதிய பத்திரங்களை ரைட்டரில் அடிக்கட்டும், அவசரமென்றால் வேர்டுக்குப் போகட்டும். கை பழகிய பிறகு அடியில் இருக்கிற விண்டோஸை எடுத்து லினக்ஸை வைத்தால் அவருக்கு மாறியது பாதிகூடத் தெரியாது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024-இல் சுமார் 30,000 அரசுக் கணினிகளை மாற்றுவதாக அறிவித்தபோது இந்த வரிசையைத்தான் எடுத்தது. முதலில் லிப்ரேஆஃபீஸ், இயங்குதளம் பிறகு. அதே நாட்டில் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, பல வருடம் பாடுபட்டு லினக்ஸுக்கு மாறி, 2017-இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. அதற்கு அரசியல் உட்படப் பல காரணங்கள் உண்டு. வெளி அலுவலகங்களோடு கோப்பு மாற்றிக்கொள்வதில் இருந்த தொல்லை அதில் ஒன்று. உங்களுக்கும் அது வரும். வக்கீல் ஆபீஸுக்கு அனுப்பும்போது பிடிஎஃப் அனுப்புங்கள். அவர் திருத்த வேண்டியதாக இருந்தால் மட்டும் வேர்டு வடிவத்தில் சேமித்து அனுப்புங்கள்.

நம் ஊரிலும் இது நடந்ததுதான். 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் கைக்குச் சர்வீஸுக்கு வந்தவற்றில் அந்தப் பக்கம் திறக்கப்பட்ட சுவடே இருக்காது. கேரளப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடத்தையும் தேர்வையும் லினக்ஸிலேயே வைத்தார்கள், அங்கே நிலைத்துவிட்டது. மென்பொருள் இரண்டு இடத்திலும் நன்றாகத்தான் இருந்தது.

கோப்புக்குள்ளும் தமிழைத் தமிழாகவே வைக்கும் யூனிகோடைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாமினியில் அடித்ததை அரசுத் தளத்தில் நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், உங்களுக்குத் தெரிந்ததுதான். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது, இன்றில்லாவிட்டாலும் நாளை நீங்கள் அங்கே போகத்தான் வேண்டும். விண்டோஸில் இதற்கு என்எச்எம் ரைட்டர் வைத்திருப்பீர்கள், அது லினக்ஸில் கிடையாது. பதிலாக ஐபஸ் என்ற அமைப்பில் எம்17என் என்ற தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு என்று பல விசைப்பலகைகள் வரும். அம்மா லோயர், ஹையர் பாஸ் செய்த கையாக இருந்தால் டைப்ரைட்டர் அமைப்பைக் கொடுங்கள். இதை லினக்ஸ் மாற்றும் அதே வாரத்தில் செய்ய வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

சரி, பிரிண்டர். கேனன் எல்பிபி 2900 நல்ல மெஷின், எந்தக் கடைக்குப் போனாலும் அது ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆனால் லினக்ஸோடு அதற்கு ஆகாது. அந்தப் பிரிண்டருக்குப் பக்கத்தைத் தானாக உருவாக்கத் தெரியாது, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இருக்கும் டிரைவர்தான் செய்து அனுப்ப வேண்டும். கேனன் லினக்ஸுக்கு ஒரு டிரைவர் கொடுத்தது, ஆனால் அது மிகப் பழையது. இன்றைய லினக்ஸில் அதை உட்கார வைப்பதற்குள் பொழுது போய்விடும், அடுத்த அப்டேட்டில் எழுந்தும் போய்விடும். உங்களுக்கு எளிய வழி, அதை டேலி சிஸ்டத்திலேயே மாட்டி வைப்பது. அங்கே ஒரு ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிருங்கள். மற்ற இரண்டிலும் பிடிஎஃப்பாகச் சேமித்து அந்த ஃபோல்டரில் போட்டால் டேலி சிஸ்டத்திலிருந்து பிரிண்ட் கொடுத்துக்கொள்ளலாம். கூட்ட நேரத்தில் இது எரிச்சலாகத்தான் இருக்கும். கூட்டம் அதிகமென்றால், ஏர்பிரிண்ட் அல்லது பிசிஎல் என்று பெட்டியில் போட்டிருக்கும் லேசர் பிரிண்டர் ஒன்றைப் பத்திரத்துக்கென்றே வாங்கிவிடுங்கள், லினக்ஸோடு அது ஒத்துப்போகும். எப்சன் இங்க் டேங்க் வைத்திருந்தால் அதற்கு லினக்ஸ் டிரைவர் உண்டு. பிரிண்டர் செலவையும் சேர்த்துப் பார்த்தால் “ஒரு பைசா செலவில்லை” என்ற கணக்கு கொஞ்சம் உதைக்கும். இரண்டு சிஸ்டம் புதிதாக வாங்கும் தொகையோடு ஒப்பிட்டால் லாபம்தான்.

வைரஸ் வராது என்பதும் முழு உண்மையில்லை. வாடிக்கையாளர் கொண்டுவரும் பென்டிரைவில் இருக்கும் விண்டோஸ் வைரஸ் லினக்ஸில் ஓடாது, அது பெரிய நிம்மதி. ஆனால் போலித் தளத்தில் பாஸ்வேர்டு கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. அந்த பென்டிரைவ் கோப்பை அப்படியே டேலி சிஸ்டத்துக்கு அனுப்பினால் வைரஸும் கூடவே போகும்.

எந்த லினக்ஸ் என்று அக்கா மகன் பத்துப் பெயர் சொல்வான். லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போதும். கீழே பட்டை, இடது ஓரத்தில் மெனு என்று பழைய விண்டோஸ் சாயலில் இருக்கும், பழைய சிஸ்டத்திலும் நகரும். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ராமில் சிஸ்டம் ஓடும், ஆனால் குரோமில் ஏழெட்டுப் பக்கம் திறந்தால் திணறும். பழைய டிடிஆர்3 ராம் இன்னொரு 4 ஜிபி கிடைத்தால் போட்டுவிடுங்கள்.

போடுகிற விதத்தில் மட்டும் நான் சொல்வதைப் பிடிவாதமாகக் கடைப்பிடியுங்கள். இப்போதிருக்கும் ஹார்டு டிஸ்க்கில் லினக்ஸ் போட வேண்டாம். இன்ஸ்டால் செய்யும்போது ‘டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு’ என்று ஒரு வரி வரும். சி டிரைவ் மட்டும்தானே போகும் என்று நினைத்து அதை அழுத்துகிறவர்கள் உண்டு, டி டிரைவும் சேர்ந்து போய்விடும். ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டி அதில் மின்ட் போடுங்கள். ஏதாவது சரிப்படவில்லை என்றால் பழைய டிஸ்க்கை மாட்டினால் பத்து நிமிடத்தில் நேற்றிருந்த கடை திரும்பிவிடும். கழற்றுவதற்கு முன் விண்டோஸை ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட்டவுன் செய்யுங்கள். இல்லாவிட்டால் அது பாதித் தூக்கத்தில் நிற்கும், பிறகு யுஎஸ்பி பெட்டியில் போட்டு லினக்ஸில் திறந்தால் கோப்பைப் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. எஸ்எஸ்டி வாங்குவதற்கும் முன்னால், மின்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி ஸ்கேனர், வைஃபை, பிரிண்டர் எல்லாம் பிடிக்கிறதா என்று பார்த்துவிடலாம். டிஸ்க்கில் எதுவும் மாறாது.

அக்கா மகனிடம் ஒரு நிபந்தனை போடுங்கள். போட்டுக் கொடுத்த பிறகு அட்மின் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி உங்களிடம் தர வேண்டும். கல்லூரி திறந்து ஹாஸ்டலுக்குப் போன பிறகு அவன் போனை எடுக்காத நாளில்தான் அது தேவைப்படும். புதிதாக வேறு லினக்ஸ் வந்திருக்கிறது என்று மாற்றிப் பார்க்கவும் கூடாது.

எப்போது செய்வது? முகூர்த்த நாள் வரிசையாக வருகிற மாதங்களில் வேண்டவே வேண்டாம், எதிரில் கூடுதல் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. இரண்டாவது கம்ப்யூட்டரை ஏதாவது ஒரு சனிக்கிழமை மாலை மாற்றிவிடலாம். டைப்பிங் சிஸ்டத்துக்கு ஆடி மாதம் சரி. ஆடிப்பெருக்கை மட்டும் தாண்டவிட்டுப் பிறகு கை வையுங்கள்.